மாளிகையின் வாசல்

சென்ற மாதம் ஒரு வழக்கின் நிமித்தம் நாம் மும்பை செல்ல நேர்ந்தது. நம் கட்சிக்காரர் தயாள குணமுள்ளவர். ஹைகோர்ட்டுக்கு அருகில் சிறியதொரு விடுதி போதுமென்று நாம் எழுதியும் கேளாமல், அப்போலோ பந்தரில் கடலைப் பார்த்து நிற்கும் தாஜ்மகால் ஹோட்டலின் பழைய கட்டடத்தில் இரண்டு இரவுகளுக்கு அறை அமர்த்தியிருந்தார். தமிழ்த் தினசரி ஒன்றை நடத்துகிறவன் தன் சொந்தப் பணத்தில் அங்கே ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு மேல் துணியமாட்டான் என்பதை நம் வாசகர்கள் சொல்லாமலே அறிவார்கள். ஆகவே இங்கு எழுதப்போவது செல்வச் செருக்கின் வர்ணனை அன்று. அவ்விரண்டு நாட்களில் நம் மனத்தை உறுத்திய ஒரு பிரச்னையைப் பொதுமக்கள் முன் வைப்பதே நமது நோக்கம்.

முதல் நாட்காலை ஜன்னல் திரையை விலக்கினோம். எதிரே இந்தியாவின் நுழைவாயில் என்னும் பெருவளைவு. அதற்கப்பால் எலிபெண்டாத் தீவுக்குச் செல்லும் படகுகள். கீழே நடைபாதையில் ஒரு குடும்பம். வெள்ளைக் குல்லாய் அணிந்த கிழவர், ஒன்பது கஜப் புடவை உடுத்த அவர் மனைவி, நடுவயது மகன், இரண்டு குழந்தைகள். மகாராஷ்டிர நாட்டுப்புறத்திலிருந்து தலைநகரைக் காண வந்தவர்கள் என்பது பார்த்தமாத்திரத்தில் விளங்கியது. மகன் கைப்பேசியால் எல்லோரையும் மாளிகையின் முன் நிறுத்திப் படமெடுத்தான். பிறகு அக்கிழவர் வாசலை நோக்கிக் கையை நீட்டி எதையோ கேட்டார். மகன் வேண்டாமென்று தலையை அசைத்தான். அவ்வளவுதான், அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை. அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவுமில்லை. கேளாமலே தமக்குத் தாமே விடை சொல்லிக்கொண்டு போனார்கள். சுதந்திரம் வந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் இந்நாட்டுப் பிரஜை ஒருவர் ஒரு வாசலைக் கண்டு தமக்குத் தாமே இவ்வாறு விடை சொல்லிக்கொள்வானேன்? இக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

இம்மாளிகையின் சரித்திரத்தை அறிந்தவர்க்கு இக்கேள்வி இன்னும் கூர்மையாகத் தைக்கும். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி திறக்கப்பட்ட இந்த ஹோட்டல், ஜம்ஷெட்ஜி டாட்டா என்னும் பார்ஸி வியாபாரியின் கனவு. நாகபுரியில் தாம் நிறுவிய ஆலைக்குச் சக்கரவர்த்தினியின் பட்டத்தைச் சூட்டியவரும் அவரே. 1886-இல் மற்றோர் ஆலைக்குச் ‘சுதேசி’ என்று பெயரிட்டவரும் அவரே. அக்காலத்துப் பெரியோர் பலரைப்போல் அவருக்கும் ராஜவிசுவாசமும் சுதேசாபிமானமும் ஒரே உள்ளத்தில் குடியிருந்தன. இரும்பாலை, நீர்மின்சாரம், பெங்களூர் விஞ்ஞான ஸ்தாபனம் ஆகிய அவருடைய பெருங் காரியங்கள் எல்லாம் அவர் காலத்துக்குப் பின்பே கைகூடின. தம் கண்ணால் முடிவு காண அவருக்குக் கிடைத்தவற்றுள் இந்த ஹோட்டல் ஒன்று. திறந்து ஆறு மாதங்கள்கூட ஆகுமுன், 1904-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் ஜெர்மனியில் காலமானார்.

ஏன் கட்டினார்? பம்பாயில் அந்நாளில் பெயர்பெற்றிருந்த வாட்ஸன் ஹோட்டலில், இந்தியர் என்ற காரணத்தால் அவருக்கு இடம் மறுக்கப்பட்டதாகவும், அந்த ஆத்திரமே அஸ்திவாரக் கல்லாயிற்று என்றும் ஒரு கதை உண்டு. கேட்பதற்கு உருக்கமான கதை. ஆனால் வக்கீல் தொழிலில் பழகிய நமக்குச் சாட்சியம் என்ன என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. இக்கதைக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. சரித்திர ஆராய்ச்சியாளர் பலர் இதை ஐயுறுகின்றனர். கதை பொய்யேயாயினும், அது பிறந்த சூழ்நிலை பொய்யன்று. வெள்ளையர்க்கென்றே தனிக் கிளப்புகளும், தனி அறைகளும், ரெயிலில் தனி வண்டிகளும் இருந்த காலம் அது. அத்தகைய காலத்தில் ஓர் இந்தியர், மின்சார விளக்கும் ஜெர்மனியிலிருந்து தருவித்த லிப்டும் அமெரிக்க விசிறிகளும் கொண்ட மாளிகையை எழுப்பி, நிறம் பாராமல் விருந்தினரை வரவேற்றார் என்பது ஆதாரமுள்ள செய்தி. மூன்றாண்டு கழித்து 1906-இல் தூத்துக்குடியில் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். இருவர் வழியும் வேறு, முடிவும் வேறு. ‘அந்நியன் செய்வதை நாமும் செய்வோம்’ என்ற எண்ணம் இருவருக்கும் பொது.

கட்டடத்தைத் திட்டமிட்டவர்கள் யாரென்று நம்மவரிடம் கேட்டால் விடை வருவதில்லை. பிரான்சிலிருந்து வந்த சிற்பி ஒருவர் திட்டம் வகுத்தார் என்றும், மாளிகை முன்பின்னாகத் திருப்பிக் கட்டப்பட்டதைக் கண்டு உயிரை மாய்த்துக்கொண்டார் என்றும் ஒரு கட்டுக்கதை மட்டும் எல்லோர் வாயிலும் நடமாடுகிறது. உண்மையில் திட்டம் வகுத்தவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யா, டி. என். மிர்ஸா என்னும் இரண்டு இந்தியர். வேலையை முடித்துக் கொடுத்தவர் சேம்பர்ஸ் என்னும் ஆங்கில எஞ்சினியர். நகரப் பக்கமாக வாசல் வைத்ததும் தெரிந்து செய்த ஏற்பாடே. கடற்காற்று அறைகளுக்குள் வரவேண்டும் என்பது நோக்கம். இறந்துபோகாத ஒரு பிரெஞ்சுக்காரருக்காக இரங்குகிறோம். இருந்து உழைத்த நம் நாட்டார் இருவரின் பெயரை மறந்துவிட்டோம். அடிமைத்தனம் சட்டத்திலிருந்து நீங்கிய பின்னும் ஞாபகத்திலிருந்து நீங்குவதற்கு நாளாகும் போலும்!

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஜன்னல் வழியே நாம் கண்ட அந்த நுழைவாயில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911-இல் வந்து இறங்கியதன் ஞாபகார்த்தமாக எழுந்தது. திறக்கப்பட்டது 1924 டிசம்பரில். அதாவது ஏகாதிபத்தியத்தின் வளைவு அங்கே வருவதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே இந்தியர் ஒருவரின் மாளிகை அத்துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது. முதல் உலக யுத்தத்தின்போது அது 600 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியாகவும் இருந்திருக்கிறது. 1948 பிப்ரவரி 28-ஆம் தேதி பிரிட்டிஷ் பட்டாளத்தின் கடைசிப் பிரிவு அதே வளைவின் வழியே கப்பலேறிச் சென்றபோது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றதும் இம்மாளிகைதான். வந்தவர்கள் போய்விட்டார்கள், விடுதி இருக்கிறது.

வாட்ஸன் ஹோட்டலின் கதி என்ன? 1860-களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து இரும்புச் சட்டங்களைக் கொண்டுவந்து பொருத்திய கட்டடம் அது. 1896 ஜூலை 7-ஆம் தேதி லூமியேர் சகோதரர்களின் சலனப் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது அங்கேதான். பிற்காலத்தில் ஹோட்டல் மூடப்பட்டு, அறைகள் கூறுகூறாக வாடகைக்கு விடப்பட்டு, பழுதுபார்ப்பாரின்றி, 2005-இல் ஒரு பகுதி இடிந்தும் விழுந்தது. நிற வேற்றுமைக்குத் தெய்வம் கொடுத்த தண்டனை என்று இதைச் சொல்லிவிடுதல் எளிது. அப்படிச் சொல்வது நியாயமன்று. பழைய கட்டடங்களைக் காப்பது பயன்பாடும் வருமானமும் என்பதே இதன் பாடம். பயனற்றுப் பூட்டிக்கிடப்பது எதுவோ அது இடியும். இந்த விஷயத்தில் நம் செட்டிநாட்டைக் காட்டிலும் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் இழைத்துக் கட்டிய எத்தனை வீடுகள் கதவு வேறு, தூண் வேறாகக் கழற்றப்பட்டுக் காரைக்குடிக் கடைகளில் விலைப்பட்டுப் போயின! விடுதியாக மாறிய சில வீடுகளில் மட்டும் இன்றும் முற்றத்தில் விளக்கெரிகிறது. ஆகவே, பழைய மாளிகைகளை ஹோட்டலாக்குவதே பாவம் என்று கூறும் கட்சியில் நாம் இல்லை. விருந்தினர் கொடுக்கும் வாடகையே அக்கூரையைத் தாங்குகிறது.

ஆயின் கூரையைத் தாங்குவது மட்டும் போதுமா? வாசலைப் பற்றியும் கேட்கவேண்டாமா?

இந்நாட்டில் விடுதி வாசலை அடைத்தவன் வெள்ளைக்காரன் மட்டுமே என்று நினைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். 1917-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய ஓர் இளைஞர் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் ஏற்கச் சென்றார். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட ஜாதியில் பிறந்தவராகையால் அவருக்கு இந்து விடுதிகளில் இடமில்லை. வேறு வழியின்றிப் பார்ஸி சத்திரம் ஒன்றில் பார்ஸிப் பெயரோடு தங்கினார். சில நாட்களில் உண்மை வெளிப்பட்டது. தடிகளோடு வந்த கூட்டம் ஒன்று அவரை அங்கிருந்து வெளியேற்றியது. அந்நகரத்தில் அவருக்கு அடைக்கலம் தருவார் இல்லை. ஒரு மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் வடித்தார். அவ்விளைஞர் டாக்டர் அம்பேத்கர். எந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் பம்பாயில் நிறம் பாராத மாளிகையைக் கட்டினாரோ, அதே சமூகத்தார் பரோடாவில் ஜாதி பார்த்துத் தடியெடுத்தார்கள். இதைச் சொல்வது ஒரு சமூகத்தைப் பழிப்பதற்கன்று. நம் யோக்கியதை மட்டும் என்ன? நம் சென்னை ராஜதானியில் காப்பிக் கிளப்புகளில் பிராமணர்க்குத் தனியறை இருந்தது. ரெயில்வே ஸ்டேஷன் போஜன சாலைகளிலும் இருந்தது. ஹோட்டல் பெயர்ப்பலகையில் ஜாதிப்பெயர் இருக்கலாகாது என்று 1957-இல் திருவல்லிக்கேணியில் பெரியார் ஒரு கிளர்ச்சியே நடத்த வேண்டியிருந்தது. வாசலை அடைக்கும் வித்தையை நமக்கு ஐரோப்பியர் கற்பிக்கவில்லை. நாம் அதில் முன்னமே தேர்ந்தவர்கள்.

அந்த மரத்தடியில் அழுத மனிதரே பின்னாளில் நம் அரசியல் அமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைவரானார். அச்சட்டத்தின் 15-ஆம் ஷரத்து, 2-ஆம் பிரிவு சொல்வதென்ன? மதம், இனம், ஜாதி, பால், பிறந்த இடம் என்னும் காரணங்களால் மட்டும் எந்தப் பிரஜையையும் கடைகளிலும், போஜன சாலைகளிலும், ஹோட்டல்களிலும், பொதுக் கேளிக்கை இடங்களிலும் பிரவேசிக்க ஒட்டாமல் தடுக்கலாகாது என்பதே. சட்டநூல் பயில்கிறவர்கள் பெரும்பாலும் சர்க்காரைக் கட்டுப்படுத்தும் ஷரத்துக்களையே மனப்பாடம் செய்வார்கள். இப்பிரிவோ தனி மனிதர்களையும் நேரே கட்டுப்படுத்துகிறது. 1948 நவம்பர் 29-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, ‘கடை’ என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்று கேள்வி எழுந்தது. குறுகிய பொருளில் அன்று, உரிய நிபந்தனைக்கு இசைந்தவர்க்குச் சேவை அளிக்க முன்வருவோர் எல்லோரும் அதனுள் அடங்குவர் என்னும் கருத்துப்பட டாக்டர் அம்பேத்கர் விளக்கினார். சத்திரத்திலிருந்து துரத்தப்பட்டவர் சொன்ன விளக்கம் அது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, உலர்ந்த சட்டவாசகத்திலும் உயிர் துடிப்பதை உணரலாம்.

இவ்விளக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. விலை கேட்பது அவமதிப்பு அன்று. மெத்தைக்கும் பளிங்குத் தரைக்கும் ஆள் சம்பளத்துக்கும் செலவு உண்டு. அதற்குரிய விலையைக் கேட்க விடுதிக்காரருக்கு உரிமை உண்டு. விலைக்கு இசைந்தவனிடம் அதற்குமேல் வேறொன்றைக் கேட்பதுதான் அவமதிப்பு. ‘நீ யார்? எங்கே பிறந்தாய்?’ என்று கேட்பதைச் சட்டம் தடுத்துவிட்டது. ‘நீ என்ன உடுத்தியிருக்கிறாய்?’ என்று கேட்பதை அது வெளிப்படையாகத் தடுக்கவில்லை. இந்தச் சிறு சந்தின் வழியே பழைய அவமதிப்பு இன்னும் உள்ளே நுழைந்துகொண்டிருக்கிறது.

இதை ஊகத்தினால் சொல்லவில்லை. நமக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் இல்லத் திருமணம் ஒன்று, தமிழ்நாட்டுக்கு வெளியே, அரண்மனையாக இருந்து விடுதியாக மாறிய ஓரிடத்தில் நடந்தது. இடத்தின் பெயர் வேண்டாம். இரவு உணவுக்கு நம் தாய்மாமனாரை அழைத்துக்கொண்டு போஜன மண்டபத்துக்குச் சென்றோம். எழுபது வயதைக் கடந்தவர். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்தவர். சலவை வேஷ்டியும் சட்டையும் தோளில் அங்கவஸ்திரமுமாக வந்தார். வாசலில் நின்ற சேவகர் கும்பிட்டுத் தடுத்தார். உடை விதிக்கு ஒவ்வாது என்றார். அச்சேவகருடைய உடையை அப்போதுதான் கவனித்தோம். பெரிய தலைப்பாகை, இடுப்பில் டவாலி, காலில் வளைந்த செருப்பு. மன்னர் காலத்து உடையை அலங்காரத்துக்காக அவருக்கு மாட்டியிருந்தார்கள். நம் நாட்டு உடை வேலைக்காரன் மேல் இருந்தால் பாரம்பரியம். விருந்தாளி மேல் இருந்தால் ஒழுங்கீனம்! இதைவிட விபரீதமான நியாயம் ஒன்று உண்டா?

‘விடப்பா, கடைத்தெருவில் இட்லி கிடைக்காமலா போகும்?’ என்று மாமா சிரித்துக்கொண்டே திரும்பினார். நாம் என்ன செய்தோம்? அரசியல் அமைப்புச் சட்டத்தை இருபது ஆண்டுகளாகக் கோர்ட்டில் எடுத்துக்காட்டி வாதாடுகிற நாம், கல்யாண வீட்டில் கலகம் வேண்டாம் என்று வாய் பேசாமல் அவர் பின்னே நடந்தோம். அந்த மௌனத்துக்கு இன்றுவரை நம் மனம் நம்மை மன்னிக்கவில்லை. நடைபாதையில் நின்ற கிழவரின் மகன் தலையசைத்தபோது நமக்கு நம் நினைவே வந்தது. அவமதிப்பு நேர்வதற்கு முன்பே அதற்குப் பயந்து ஒதுங்குவதும், நேர்ந்த பின் வாய்மூடி விலகுவதும் ஒரே நோயின் இரண்டு குணங்கள்.

இத்தகைய நிகழ்ச்சி நம் நாட்டில் புதிதன்று. 2014 ஜூலையில் சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப் ஒன்றில் ஹைகோர்ட் நீதிபதி ஒருவரே வேஷ்டி கட்டியிருந்த காரணத்தால் தடுக்கப்பட்டார். நாடு கொதித்தது. கட்சி வேற்றுமையின்றிச் சட்டசபை கண்டித்தது. அவ்வாண்டிலேயே, வேஷ்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்து வருவோரை அந்த உடையின் காரணமாகப் பொது இடங்களில் தடுக்கலாகாது என்று தமிழ்நாடு ஒரு சட்டம் செய்தது. அது நமக்குப் பெருமை. ஆயினும் ஒன்று கேட்கிறோம். தடுக்கப்பட்டவர் நீதிபதியாக இருந்ததால் சட்டம் வந்தது. அதற்கு முன் எத்தனையோ சாமானியர் திரும்பிப் போயிருப்பார்களே, அவர்கள் பொருட்டு ஏன் வரவில்லை? நம் எல்லைக்கு அப்பால் அதன் அதிகாரம் செல்லாதே, அங்கே நம்மவர்க்கு என்ன கதி?

தாஜ் ஹோட்டலைப் பற்றி உள்ளது உள்ளபடி சொல்லவேண்டும். இரண்டாம் நாட்காலை வேண்டுமென்றே வேஷ்டியுடன் சிற்றுண்டிக்குச் சென்றோம். ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பரிமாறிய இளைஞர் நாம் தமிழர் என்று கண்டு, தாம் திருநெல்வேலிப் பக்கம் என்று சொல்லி, ‘இன்னும் கொஞ்சம் சட்னி வைக்கட்டுமா, ஐயா?’ என்று கேட்டார். அம்மாளிகையில் நமக்குக் கிடைத்த உபசாரங்கள் எல்லாவற்றிலும் உயர்ந்தது அந்த ஒரு வாக்கியமே.

அந்த இளைஞரைப் போன்ற ஊழியர்களை நினைக்கும்போது 2008 நவம்பர் 26-ஆம் தேதி இரவு நினைவுக்கு வராமலிராது. பயங்கரவாதிகள் புகுந்து மூட்டிய தீயில் மாடங்கள் எரிந்தபோது, அம்மாளிகையில் மட்டும் 31 பேர் மாண்டனர். சமையற்காரர்களும் பரிமாறுவோரும் டெலிபோன் ஊழியர்களும், பின்வழியாகத் தப்பிச் செல்ல வழி தெரிந்தும், விருந்தினரை வெளியேற்றுவதற்காகத் தங்கி நின்றார்கள். அவர்களில் சிலர் மீளவில்லை. குண்டுக்குக் குறுக்கே நின்றவர்கள் தாம் காத்தவரின் நாட்டையும் நிறத்தையும் உடையையும் கேட்கவில்லை. பழைய கட்டடம் செப்பனிடப்பட்டு 2010-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று மீண்டும் திறக்கப்பட்டது. கம்பெனியின் பங்குப் பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், அன்றிரவு முதல் அம்மாளிகை தேசத்தின் சொத்தாகிவிட்டது என்பது நமது அபிப்பிராயம். உலகம் முழுதும் அதன் மாடத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கலங்கியபோது, இதில் ஒரு நாளும் காலடி வைக்காத கோடிக்கணக்கான இந்தியர் தம் வீடே எரிவதுபோல் துடித்தார்கள் அல்லவா? அந்த நடைபாதைக் கிழவரும் அவர்களில் ஒருவராக இருந்திருப்பார்.

2017-இல் அக்கட்டடத்தின் தோற்றமே வியாபாரச் சின்னமாகப் பதிவு செய்யப்பட்டது. கட்டடம் ஒன்றின் உருவத்துக்கு அவ்வுரிமை கிடைத்தது இந்தியாவில் அதுவே முதல் தடவை. பிறர் அதைக் காட்டிப் பணம் பண்ணாதிருக்க அவ்வுரிமை தேவையாயிருக்கலாம். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் உரிமை ஒரு பக்கம் எழுதப்படுமானால் கடமையும் மறு பக்கம் எழுதப்பட வேண்டும் என்பது நீதிநூலின் பால பாடம். மத்திய சர்க்காரின் சுற்றுலா இலாகா, 1950-க்கு முன் கட்டப்பட்ட அரண்மனைகளிலும் கோட்டைகளிலும் பெருவீடுகளிலும் நடக்கும் விடுதிகளைப் பாரம்பரிய ஹோட்டல்கள் என்று வகைப்படுத்தி அங்கீகாரம் அளிக்கிறது. அந்த 1950-ஆம் ஆண்டே நம் அரசியல் அமைப்புச் சட்டம் அமுலுக்கு வந்த ஆண்டு. அதாவது, வாசல்கள் அடைபட்டிருந்த காலத்துக் கட்டடங்களே இந்தக் கௌரவத்துக்கு உரியன. பழைய காலத்தின் கல்லையும் மரத்தையும் காப்பாற்றட்டும். பழைய காலத்தின் தாழ்ப்பாளையும் கூடவே காப்பாற்ற வேண்டிய அவசியமில்லை.

ஆகவே மூன்று காரியங்களை வேண்டுகிறோம். முதலாவது, கௌரவமாக உடுத்தி வரும் எவரையும் இந்திய உடையின் காரணமாகத் தடுக்கும் விடுதிக்குப் பாரம்பரிய ஹோட்டல் என்னும் அங்கீகாரம் கொடுக்கலாகாது. கொடுத்திருந்தால் திரும்பப் பெறவேண்டும். தமிழ்நாடு செய்த சட்டத்தைப் பார்லிமெண்டும் பின்பற்றலாம். அதற்கு முன்னரே இலாகா தன் விதிகளில் இதைச் சேர்க்கலாம். இரண்டாவது, அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு விடுதியும் ஆண்டில் சில நாட்களேனும் தன் பொது மண்டபங்களையும் படிக்கட்டுகளையும் சிறு கட்டணத்தில் சாமானியர் பார்க்கத் திறந்துவிட வேண்டும். இது நடவாத காரியமன்று. ஜோத்பூர் உமைத் பவன் மாளிகையின் ஒரு பகுதியில் பொருட்காட்சிசாலை வைத்து எல்லோரும் கண்டுகளிக்க வசதி செய்திருக்கிறார்கள். அதே மாளிகையில் உயர்தர ஹோட்டலும் நடக்கிறது. பஞ்சத்தில் வாடிய குடிகளுக்கு வேலை கொடுக்க 1929-இல் தொடங்கி 1943-இல் முடிந்த கட்டடம் அது. கல் சுமந்தவரின் பேரர்கள் அந்தக் கல்லைப் பார்ப்பதால் யாருடைய சுகத்துக்கும் பங்கம் வந்துவிடவில்லை. மூன்றாவது, ஒவ்வொரு மாளிகையின் வாசலிலும் அதைத் திட்டமிட்டவர், கட்டியவர் பெயர்களை அந்தந்த நாட்டு மொழியில் பெரிய எழுத்தில் பொறிக்க வேண்டும். மும்பையில் மராத்தியில் இருக்கட்டும். சென்னையிலும் செட்டிநாட்டிலும் தமிழில் இருக்கட்டும். வைத்யாவும் மிர்ஸாவும் யாரென்று அந்தப் பேரக்குழந்தைகள் தம் தாய்மொழியில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

‘இவையெல்லாம் செல்வர் விவகாரம்; பசித்திருக்கும் ஜனங்களுக்கு இதனால் என்ன லாபம்?’ என்று சிலர் கேட்பார்கள். பசி தீர்ப்பது முதற் கடமை என்பதை மறுப்பார் யாருமில்லை. ஆயினும் மானமும் ஒரு பசியே. தண்டியாத்திரையில் அள்ளிய ஒரு பிடி உப்பின் விலை என்ன? விலைக்காகவா இந்நாடு நடந்தது? ஒரு வேளை உணவை மறுப்பதைக் காட்டிலும் ‘உனக்கு இங்கே இடமில்லை’ என்ற எண்ணத்தை ஒருவர் உள்ளத்தில் ஊன்றிவிடுவது நெடுங்காலத் தீங்கு. அது தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் தலையசைப்பாகவே இறங்கிவிடும்.

புறப்படும் நாளன்று பெட்டியை வண்டியில் ஏற்றிய பின் சிறிது நேரம் அந்த நடைபாதையில் நின்றோம். வேறொரு குடும்பம் வேறொரு கைப்பேசியோடு படமெடுத்துக்கொண்டிருந்தது. அவர்களும் வாசலைப் பார்த்தார்கள். அவர்களும் கேளாமலே போனார்கள். ஹோட்டல் முதலாளிகள் ஒரு நாளாவது உள்ளிருந்து வந்து, ‘வாருங்கள், இதுவும் உங்கள் தேசத்து வீடுதான், பார்த்துவிட்டுப் போங்கள்’ என்று அழைப்பார்களாக. அதுவரையில், அடைக்காத வாசலைக் கண்டு நாமே ஒதுங்காதிருக்கவும், அடைத்த வாசலின் முன் வாய்மூடி நில்லாதிருக்கவும் நம் மக்கள் பழகிக்கொள்வார்களாக. இந்தப் பாடத்தைப் பிறர்க்குச் சொல்லுமுன், நம் மாமாவுக்கு அன்று சொல்லாத மறுமொழிக்காக நாம் முதலில் வெட்கப்பட்டுக்கொள்கிறோம்.